பதில் சொல்ல ஆளில்லை

புதிதாக வரும் பாட்டு ஆல்பங்களை வாராவாரம் வானொலியில் துவைத்துக் காயப்போடுவது அவர் வேலை. பெரிய கம்பெனி ஆல்பங்கள் இல்லை. நாலு பேர் சேர்ந்து கார் ஷெட்டிலோ படுக்கையறையிலோ தாங்களே பதிவு செய்து, தாங்களே வெளியிடுகிற ராக், பாப் ஆல்பங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து வரி பேசுவார், அதில் ஒரு வரியாவது யாரையாவது நறுக்கும். நேயர்கள் அவருக்கு வைத்த பேர் கத்தரி. கேன்டீன்காரர்கூட "கத்தரி சாருக்கு ஒரு டீ" என்றுதான் குரல் கொடுப்பார். அவருக்கும் உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

அந்தக் கத்தரியின் இடது காது ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. சளி அடைப்பு, தானாகத் திறந்துகொள்ளும் என்று மெத்தனமாக இருந்தார். டாக்டரிடம் போனபோது காரியம் கைமீறியிருந்தது. விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல அமுக்கிவிட்டார். ஒரு காதை வைத்துக்கொண்டு அதைச் செய்ததுதான் வேடிக்கை. மனைவியிடமும் மூச்சுவிடவில்லை. அவர் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருக்கும்போது அவள் ஏதாவது சொல்வாள், பதிலே வராது. "நான் சொல்றது எதையும் காதுல வாங்கிக்கிறதே இல்ல. ரேடியோவுல பேசற திமிரு," என்று காலையில் காபி டம்ளரை ணங்கென்று வைப்பாள். திமிர் பிடித்தவன் என்ற பேர் அவருக்குப் பரவாயில்லை. செவிடன் என்ற பேர்தான் ஆகாது. காது கேட்காத விமர்சகனை எந்த நிலையம் வைத்துக்கொள்ளும்? பாட்டைத் தவிர வேறு பிழைப்பும் அவருக்குத் தெரியாது.

வேலைக்கு ஒரு வழி பண்ணியிருந்தார். ஸ்டீரியோ பதிவில் சில சத்தம் இடது காதுக்கு மட்டும் வரும், சில சத்தம் வலது காதுக்கு மட்டும். வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் கலந்து ஒன்றாகிவிடும். எதையும் அதில் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். அந்த வாரம் ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோய் ரிப்பேர் கடையில் கிடந்தது. ஒரு புதுப் பாடகன் அனுப்பியிருந்த லிங்க்கை பஸ்ஸில் நின்றபடி ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் கேட்டார். ஒரு வரி பாடுகிறான், நிறுத்துகிறான். அடுத்த வரி, மறுபடி நிறுத்தல். ட்ரம்ஸ் மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இறங்குவதற்குள் கத்தரிக்கு நறுக்கென்று ஒரு வரி வந்து விழுந்துவிட்டது.

நிகழ்ச்சியில் அதை மைக் முன்னால் சொன்னார். "தம்பி நல்லாத்தான் கேள்வி கேக்குறார். பதில் சொல்லத்தான் எதிர்ல ஆளில்ல. பூட்டின வீட்டு வாசல்ல நின்னு பெல் அடிச்சுக்கிட்டே இருக்கார், பாவம். யாராவது போய், அங்க யாரும் இல்லப்பான்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அதே லிங்க்கிலிருந்து பாட்டை ஓடவிட்டார்கள். தயாரிப்பாளர் அம்மா ஸ்டுடியோ கதவைத் திறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், உங்களுக்கே அநியாயமா இல்ல? பாதிப் பாட்டு அந்தப் பொண்ணுதான் பாடுறா. அவளை ஒரு ஆளாவே மதிக்கலையே நீங்க!"

கத்தரிக்குப் புரியவில்லை. எந்தப் பொண்ணு? அந்த அம்மா போனதும் ஹெட்போனைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினார். இப்போது பையன் காணாமல் போய், ஒரு பெண் பாடினாள். கொஞ்சம் கரகரத்த குரல். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். இப்படி ஒன்றைக் கேட்கத்தானே இத்தனை குப்பையையும் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் குரல் எப்படிக் காதில் விழாமல் போனது என்று அடுத்த கேள்வி வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த தயாரிப்பாளரைப் பார்த்து, வேண்டுமென்றே சொன்னவர்போலச் சிரித்து வைத்தார். சிரித்த வாயில் அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. நேயர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த வாரம் பாடகன் நிலையத்துக்கே வந்துவிட்டான். வரவேற்பறை சோபா நுனியில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தார் கத்தரி. அப்படி வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"நீங்க சொன்னது சரிதான் சார்," என்றான். "அதுல பதில் பாடினது எங்க அக்கா. இப்ப இல்ல. ஆஸ்பத்திரியில சேக்கறதுக்கு முன்னாடி பாடினது. பாசத்துல எங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணிடுச்சு. உங்க காதுக்கே அது பாட்டாப் படலைன்னா, அது பாட்டு இல்லதான்."

கத்தரி வாயைத் திறந்தார். தயாரிப்பாளர் பக்கத்து மேசையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அவ வரியையும் நானே பாடிட்டேன். கேளுங்க."

லேப்டாப்பிலிருந்து பாட்டு வந்தது. அவனே கேட்டான், அவனே பதில் சொன்னான். சுருதி சுத்தமாக இருந்தது. உயிர்தான் இல்லை.

"நல்லா இருக்கு தம்பி," என்றார் கத்தரி. இத்தனை வருஷத்தில் எவனுக்கும் அவர் பொய்ப் பாராட்டு கொடுத்ததில்லை.

பாடகன் அவரோடு வாசல்வரை நடந்தான், அவருடைய இடது பக்கமாக. தயாரிப்பாளரும் பின்னாலேயே வந்தார். வெளியே ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பையனின் வாய் அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. நன்றி சொல்கிறான்போல என்று பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார்.

"உங்களுக்குக் கல்நெஞ்சு சார்," என்றார் தயாரிப்பாளர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஏன், என்ன?"

"பழைய பதிவு இருந்தா எங்கம்மா அதையே போட்டுப் போட்டு அழுறாங்க, அழிச்சிடவா சார்னு அந்தப் புள்ள கேக்குது. நீங்க சரின்னு தலையாட்டிட்டு வர்றீங்க!"

கத்தரி வாசலுக்கு ஓடினார். பாடகன் படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தான்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் சார். லிங்க்கும் அதோட போயிடுச்சு. வீட்டுக்குப் போனா கை வராது, அதான் இங்கயே."

கத்தரி அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, எனக்கு இடது காது கேக்காது," என்றார். தயாரிப்பாளர் பின்னால் நிற்பது தெரிந்துதான் சொன்னார்.

பாடகன் அவர் பக்கம் திரும்பினான். "அப்போ... அக்கா பாடினதை நீங்க கேக்கவே இல்லையா?"

"அப்புறம் கேட்டேன். ரொம்ப நல்லாப் பாடியிருந்தா."

"அப்புறம்னா எப்ப?"

"அன்னிக்கே. நிகழ்ச்சியில பாட்டு ஓடும்போதே."

ரோடு உடைக்கிற சத்தம் காதைக் கிழித்தது. பாடகன் எழுந்து சுற்றி வந்து, அவருடைய வலது பக்கத்தில் நின்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றான்.