தொண்ணூற்றிரண்டு நிமிடம்

தாடையைச் சுற்றிக் கட்டத் தௌசீஃப் கிழித்து வைத்திருந்த துணியை அஜீசா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“வாயக் கட்டிட்டா எப்புடி மூச்சு வுடுவாரு?”

அவள் கணவர் பஷீர் இறந்து அரைமணி ஆகியிருந்தது. தெருமுனை டாக்டர் வந்து, ஈசிஜி எடுத்து, நேர்கோட்டைக் காட்டி, இறந்த நேரம் பதினொன்று பத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குளிப்பாட்ட வெந்நீர் தயார். பிற்பகல் அசர் தொழுகைக்குள் எடுத்தாக வேண்டும்.

“மய்யித்த காக்க வெக்கக் கூடாது அண்ணி,” என்றான் பஷீரின் தம்பி தௌசீஃப்.

“தொண்ணூத்திரண்டு நிமிசம் ஆவட்டும். அதுக்கு மேல ஒரு நிமிசம் கேக்க மாட்டேன்.”

நான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவருக்கும் பைபாஸ் நடந்தது. தம்பிக்கு இதயம் துடிக்கத் துடிக்கவே தைத்தார்கள். அண்ணனுக்கு அதை நிறுத்திவிட்டு, மிஷினில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்தார்கள். எது மேல் என்று அஜீசா கேட்டதற்கு, “ரெண்டுலயும் பலன் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா, இவர் உடம்புக்கு இதான் சரி,” என்றார் சர்ஜன். நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். தொண்ணூற்றிரண்டு நிமிடம் நின்றுவிட்டு ஓடியது என்று பிறகு சொன்னார்கள்.

சகோதரர்கள் இதையும் ஒரு போட்டியாக்கிவிட்டார்கள். தம்பிக்கு மறுவருடமே ஒரு குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணனுக்குக் கொஞ்ச நாள் பெயர்கள் மறந்துபோயின. பெற்ற மகள் ரூபினாவையே யார் வூட்டுப் பொண்ணு என்று கேட்டார். ஆனாலும் வாய் குறையவில்லை.

“நான் ஒருவாட்டி மேல பூட்டு வந்தவன்டா. எனுக்கு வழி தெரியும்.”

வீடே சிரிக்கும். அஜீசா மட்டும் சிரித்ததில்லை. அவள் அதை நம்பினாள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று தெருவைக் கடந்தது. வீடு அதிர, பஷீரின் நெஞ்சின்மேல் கிடந்த வெள்ளைத்துணி லேசாக ஏறி இறங்கியது. ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். லாரி போய்விட்டது. அதற்குப் பிறகும் துணி ஒருமுறை ஏறியதாக அஜீசாவுக்குப் பட்டது. யாரையும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் இல்லை என்றுவிடுவார்களே.

“பன்னெண்டு நாப்பத்திரண்டும்மா,” என்றாள் ரூபினா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

அஜீசா எழுந்தாள். தானே கையெழுத்துப் போட்டு நிறுத்திய இதயம் இனி ஓடாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துணியைத் தௌசீஃபிடம் நீட்டினாள்.

“கட்டு.”

அவன் வாங்கவில்லை. அண்ணன் நெஞ்சிலிருந்த தழும்பின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தான். எப்போது வைத்தான் என்று அவள் கவனிக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது.

“இன்னும் அஞ்சு நிமிசம் அண்ணி. இன்னாவோ அடிச்சிகினு கீது.”

வாசலில் ஆண்கள் கனைத்தார்கள். அஜீசா குனிந்து அவன் கையோடு தன் கையையும் வைத்துப் பார்த்தாள். பஷீரின் நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. தௌசீஃபின் மணிக்கட்டில்தான் நாடி தடதடவென்று ஓடியது.

“சரி,” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.