ஒரு பிடித் தீனி

எலிக்கு வாந்தி எடுக்க வராது. குமட்டினால் மண்ணைத் தின்னும். கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் நடந்த ஆராய்ச்சி முழுக்க அந்த மண்ணை நம்பித்தான். எலிகளைக் கூண்டோடு சுழற்றிவிட்டு, எது எவ்வளவு வெள்ளைக் களிமண் தின்றது என்று நிறுப்பார்கள். பாதி எலிகளுக்கு முன்கூட்டியே ஒரு ஹார்மோன் ஊசி. ஊசி போட்டவை மண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆராய்ச்சி நடத்திய றிப்கா மிஸ்ஸுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

மண்ணையும் தீனியையும் நிறுப்பது நாகலெட்சுமியின் வேலை. இருபத்திரண்டு வருசம் கொழுந்து பறித்தவள். தீனி குறைத்துத் தின்னும் எலியைக் கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மலையில் ஒருத்திக்குக் கொழுந்து நிறை குறைந்தால், பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போடுவாள். அவளுக்கும் முழுப்பேர் விழும், முழுநாள் சம்பளம் கிடைக்கும். அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. நாகலெட்சுமியும் எலிகள் மிச்சம் வைத்த தீனியில் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு மீதியை நிறுத்தாள். மிச்சம் குறைந்ததால், புத்தகத்தில் எல்லா எலியும் வயிறாரத் தின்றது.

மிஸ் கொழும்புக்குப் போய்ப் பத்து நாளாகிவிட்டது. புத்தகத்தைப் படம்பிடித்து போனில் அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தாள். ஒரு பிடி இரண்டு பிடியானது. ஊசி போட்ட எலிகளின் முதுகெலும்பு விரலில் தட்டியது. இன்று காலை இரண்டு செத்துக் கிடந்தன. வேலை போனாலும் போகட்டும், மிஸ் வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நாகலெட்சுமி வாசலிலேயே நின்றாள்.

நானுஓயா ஸ்டேசனிலிருந்து வேன் வந்தது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற மிஸ், சிரித்துக்கொண்டே இறங்கினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நாகலெட்சுமிக்கா, ஒரு வளைவுலயும் குமட்டல்ல!"

"மாத்திரை ஏதும் போட்டீங்களா மிஸ்?"

"நம்ம ஊசிதான். நானே போட்டுக்கிட்டேன், ஒரு வாரமா."

படித்தவள் செய்கிற காரியமா இது!

"ஏன் மிஸ் அப்புடி செஞ்சீங்க?"

"பயப்பட என்ன இருக்கு? எலியெல்லாம் நல்லாத் தின்னுதுன்னு உங்க புத்தகத்துலயே இருக்கே. அத நம்பித்தான் போட்டேன்."

நாகலெட்சுமி உள்ளே போய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். மிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம்க்கா. ஆறு நாளாப் பசியே இல்ல."

நாகலெட்சுமி மடியை அவிழ்த்து, எலிகள் இன்று மிச்சம் வைத்த தீனியை மேசைமேல் கொட்டினாள். மிஸ் புரியாமல் பார்த்தாள்.

"அதுங்களுக்கும் பசிக்கல மிஸ்."