ஒட்டுப்போட்ட தொப்பி

"குழவியக் கீழ வைடி!"

"மாட்டேன். தொப்பிய இப்படிக் குடு!"

"ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கத்தினுகீறேன்..."

"நான் மட்டும் இன்னா, பாட்டா பாடினுகீறேன்?"

மாரிகுப்பம் லைன் வீட்டு வாசலில் தம்மபாலனும் சாரதாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச் சுரங்கத்துக்குப் போட்டுப்போகும் அவனுடைய பைபர் தொப்பி நடுமண்டையில் பிளந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய பசையால் ஒட்டிவைத்திருந்தான். ஸ்டோரில் காட்டினால் புதுசு கொடுப்பார்கள். ஆனால் எப்படி உடைந்தது என்று கேட்பார்கள். தலையில் கல் விழுந்தது என்றால் ஆஸ்பத்திரி, அப்புறம் சுரங்கத்தில் இறக்காமல் மேலேயே வேலை. தன் கேங்கை இன்னொருவனிடம் விட்டுவிட்டு மேலே குந்தியிருக்க அவனால் ஆகாது.

"பாரு." இரண்டு கையாலும் நரம்பு புடைக்கத் தொப்பியை இழுத்தான். "வருதா?"

"கல்லு வந்து ரெண்டு பக்கமும் புடிச்சு இஸ்க்குமாய்யா? தொப்புனு இல்ல வுழும்!"

பிடுங்கித் தரையில் கவிழ்த்து, இடுப்புயரத்திலிருந்து குழவியைப் போட்டாள். தொப்பி துள்ளியது. ஒட்டு அசையவில்லை.

"பாத்தியா! மெடல் குத்திவுடு எனக்கு."

தெருவிலிருந்து பக்கத்து வீட்டுப் பெருமாளின் குரல் வந்தது. அவனும் அதே கேங்குதான். "இன்னா தம்மபாலா, பூசை முடியலையா? நான் முன்னால போறேன்!"

சாரதா வாசலோர அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பானையை இறக்கி அதில் தொப்பியை அமுக்கினாள்.

"அடியே, சோறா வடிக்கிற?"

"கீழ லெவல்ல அடுப்புக்குள்ள குந்துன மாதிரி கீதுன்னு தெனம் நீதான சொல்ற? அந்தச் சூட்டுல உன் பசை இன்னா ஆவும்?"

அவள் தொப்பியை நன்றாக ஊறவிட்டு எடுத்தாள். அதே குழவி, அதே உயரம். தொப்பி தேங்காய் மூடிபோல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஓரத்துப் பசை அவள் நகத்துக்கு அழுந்தியது.

"ஷிப்டு போனா போவட்டும். இன்னிக்கு நீ எறங்கப்போறதில்ல." மூச்சு வந்தவளாக அப்படியே உட்கார்ந்தாள்.

தம்மபாலன் உடைந்ததைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு தெருவில் குதித்திருந்தான். சங்கு ஊதி ஓய்ந்தது. தூரத்தில், சுரங்க ஷாப்ட்டுக் கோபுரத்தின் உச்சியில் சக்கரம் சுற்றத் தொடங்கியிருந்தது. கேஜ் கூண்டு ஆட்களோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறது. அவன் முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"நீதான் மேல கீறியே, இன்னாத்துக்குய்யா நடுங்குற?" சாரதா மெல்ல எழுந்தாள். "பெருமாள் அண்ணன் தொப்பியும் நீ ஒட்டிக் குடுத்ததா?"