மிஸ்டர் ரகுபதி வரவில்லை

உமாமகேஸ்வரிக்கு யார் மேலும் கோபம் கிடையாது. தனிப் பிரியமும் கிடையாது. பத்தொன்பது வருடமாக புக்கிட் மேரா கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாளைக்குப் பதினான்கு முட்டிகள், தோள்கள், இடுப்புகள். மடக்கு, நீட்டு, வலிக்கிறதா, அடுத்தவர். நோயாளிகளை மதிப்பது எப்படி என்று போன வருடம் கணினியில் ஒரு பாடம் வைத்தார்கள். திருநங்கைகளுக்கென்று அதில் இரண்டு பக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மீகோரெங் நூடுல்ஸ் தின்றுகொண்டே முடித்து நூற்றுக்கு நூறு வாங்கினாள். அதில் ஒரு வரிகூட மனதில் தங்கவில்லை என்றால் அது மீகோரெங்கின் குற்றமல்ல.

ஒரு சனிக்கிழமை, கல்யாணம் ஒன்றுக்காகப் புருவம் எடுக்க லிட்டில் இந்தியாவுக்கு வந்தாள். பார்லரில் கூட்டம். கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பச்சைப் புடவை, பெரிய பொட்டு. இழுப்பறையை மூட அவள் உடம்பையே திருப்பினாள். இடது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. உமாமகேஸ்வரியின் கண்ணுக்குச் சனிக்கிழமையும் லீவு கிடையாது.

"கையில என்னக்கா?"

"தேக்கா மார்க்கெட் படிக்கட்டுல விழுந்துட்டேன் மிஸ். தோள்கிட்ட எலும்பு முறிஞ்சிருச்சு. அஞ்சு மாசம் ஆச்சு."

ஒரு பெண்ணின் புருவத்தில் குனிந்திருந்த பார்லர் பெண் சுஷ்மிதா, பல்லில் கடித்த நூலை விட்டுவிட்டுச் சொன்னாள். "சாமுண்டிக்கா இங்க இருபது வருஷமா புருவம் எடுத்தவங்க. அவங்க எடுத்தா வலிக்கவே வலிக்காது லா. தீபாவளிக்குள்ள கை சரியாகலன்னா ஓனர் வேற ஆள் எடுக்கப் போறாங்க, பாவம்."

உமாமகேஸ்வரி கல்லாவுக்குப் பின்னால் போய், தோள்பட்டையில் ஒரு கையை வைத்து, மறுகையால் முழங்கையைத் தூக்கிப் பார்த்தாள். விலாவிலிருந்து ஒரு சாண் விலகி நின்றுவிட்டது. அதற்கு மேல் பூட்டிய கதவு.

"பிசியோ போகலையா? கட்டு அவுத்ததும் ஒழுங்கா போயிருந்தா ரெண்டு மூணு மாசத்துல வேலைக்கே திரும்பியிருக்கலாமே."

சாமுண்டீஸ்வரி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தேன் மிஸ். உங்ககிட்டதான். மூணு தடவ."

தொட்ட தோளை உமாமகேஸ்வரி மறப்பதில்லை. இதை அவள் இதற்கு முன் தொட்டதே இல்லை. "சாமுண்டீஸ்வரின்னு யாரும் என்கிட்ட வரலையேக்கா."

"ஐசி கார்டுல பேரு இன்னும் ரகுபதிதான்." வாடிக்கையாளர்கள் காதில் விழாதபடி சொன்னாள்.

ரகுபதி. கதவைத் திறந்து "மிஸ்டர் ரகுபதி!" என்று ஒவ்வொரு தடவையும் கத்தியது, யாரும் எழாதது, 'வரவில்லை' என்று பதிந்தது. மூன்று முறை வராவிட்டால் ஃபைலை மூடிவிட வேண்டும் என்பது விதி. விதிப்படி மூடினாள்.

"ஹால்ல நாப்பது பேரு இருந்தாங்க. நீங்க மிஸ்டர்னு கத்துறீங்க. நான் பொடவ கட்டிக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன். எப்படி மிஸ் எந்திரிக்கிறது?"

உமாமகேஸ்வரி தனக்கு ஏதாவது தோன்றுமா என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. எந்த அலுவலகத்து ஆளுக்கும் முதலில் வாயில் வருவதுதான் அவளுக்கும் வந்தது. "கவுன்டர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். சிஸ்டம்ல அப்படித்தான் வரும்னுட்டாங்க."

"என்கிட்டயாவது..."

"மூணாவது தடவ நீங்களே என் பக்கத்துல வந்தீங்களே. ஞாபகம் இல்ல?"

இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கடைசி நோயாளி அந்த ரகுபதிதான். ஹால் காலியாகிவிட்டது, ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சால்வைக்குள் இருந்த கையை உமாமகேஸ்வரி பார்க்கவில்லை. குனிந்து, அன்பாகத்தான் கேட்டாள். "அக்கா, நீங்க ரகுபதியோட வீட்டுக்காரங்களா? அவரு வரலையா?" "ஆமாம்மா, அவரு வரமாட்டாரு" என்று பதில் வந்தது. உள்ளே போய் ஃபைலை மூடிவிட்டு, பஸ் பிடித்து கிளமெண்டி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஒரு வார்த்தை காதுல சொல்லியிருந்தா அப்பவே உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன். ஏன்க்கா சொல்லல?"

சாமுண்டீஸ்வரி இடது கையை வலது கையால் எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"கவுன்டர்ல மிஸ்டர். டாக்டர்கிட்ட மிஸ்டர். எக்ஸ்ரேல மிஸ்டர். அந்தக் கட்டடத்துல என்னை அக்கான்னு கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். ஒருத்தரோட பொண்டாட்டின்னு வேற நெனச்சீங்க. அதப் போய் நானே எப்படி மிஸ் கெடுக்கிறது?"

சுஷ்மிதா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். உமாமகேஸ்வரியின் முறைதான். அவள் நகரவில்லை. இவ்வளவு நேரம் வராத வெட்கம் அப்போதுதான் வந்தது.

"திங்கக்கிழமை வாங்க. டாக்டர்கிட்ட புது லெட்டர் நான் வாங்கி வெக்கிறேன். யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வந்தா சரியாயிருமா? நூல் பிடிக்கிற அளவுக்கு?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். அதே குரல்தான் இப்போதும் வந்தது. அதில் ஒரு நடுக்கமும் இல்லாதது அவளுக்கே பிடிக்கவில்லை.

"பாதி வரும்க்கா. தலை வாரலாம், பொடவ கட்டலாம். தீபாவளிக்குள்ள நூல் பிடிக்க வராது. அதுக்கப்புறமும் சந்தேகம்தான்."

சாமுண்டீஸ்வரி சுஷ்மிதாவின் கைகளை, அவற்றுக்கிடையில் விரிந்து சுருங்கும் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு வரட்டும் மிஸ்?" என்று கேட்டாள்.