மல்லிகை மேசை

பூங்குழலிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பிறவிக் குணம். கொள்ளேகாலில் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்துதான் சாப்பிடுவாள். இப்போது முப்பது வயது, மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்படியும் அந்தக் குணம் போகவில்லை. அவள் வகுப்பறையைப் பார்த்தாலே தெரியும். போன வாரம் கதவோரம் ஓடிய காகித ரயில் இந்த வாரம் ஜன்னலுக்குக் கீழே ஓடும். திங்கட்கிழமை மஞ்சளாக இருந்த சூரியன் புதன்கிழமை ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும். கூரையிலிருந்து நாற்பது காகிதப் பட்டாம்பூச்சிகள் தொங்கும். ஃபேனைப் போட்டால் நாற்பதும் பறக்கும்.

வாசலில் நின்று பார்ப்பவர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள். போன வருடம் ‘அழகான வகுப்பறை’க் கோப்பை அவளுக்குத்தான். மற்ற டீச்சர்களுக்கு உள்ளுக்குள் புகைச்சல். ஆனாலும் பட்டாம்பூச்சி வெட்டும் அளவைக் கேட்டுக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

முன் சுவரில், கரும்பலகையை ஒட்டி, எழுத்து அட்டைகள். இருபத்தாறு ஆங்கில எழுத்தும், அவற்றுக்குக் கீழே பூனை, வௌவால், சூரியன் என்று சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களும் அவள் கைப்படத் தீட்டியவை. உர்ஸ் ரோட்டுக் கடையில் கொடுத்துப் பளபளவென்று லேமினேஷன் போட்டு ஒட்டியிருந்தாள். இரண்டு வருடமாகியும் ஒரு மூலைகூடச் சுருளவில்லை என்று அவளுக்குப் பெருமை.

பிள்ளைகள் உட்காரவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஐந்து வட்ட மேசைகள், ஐந்துக்கும் பூப் பெயர். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஜன்னலோரம் ரோஜா. எழுத்தில் தடுமாறுகிறவர்களுக்கு மல்லிகை. அது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், உள்சுவரை ஒட்டி இருந்தது. வெளியே வேடிக்கை பார்க்காமல் படிக்கட்டும் என்று அவளே யோசித்துப் போட்ட இடம். பூப் பெயர் வைத்துவிட்டால் அது கடைசி இடம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது அவள் நினைப்பு. பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரியும்.

மனிஷா ஜூலை மாதம் மல்லிகைக்கு வந்தாள். அப்பா மல்லப்பன் கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். அம்மா மாதேவி ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வேலை செய்கிறாள். கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு நேரம். பூங்குழலி குச்சியால் அட்டையைத் தொடுவாள், பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மனிஷாவின் முறை வந்தால் அவள் கூரையைப் பார்ப்பாள், பட்டாம்பூச்சியைப் பார்ப்பாள், கடைசியில் டீச்சரின் உதட்டைப் பார்த்து எதையாவது சொல்லிவைப்பாள். நோட்டில் மட்டும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று பூங்குழலி முடிவு கட்டிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை டைரியில் எழுதி அனுப்பினாள்: ‘எழுத்து தெரியவில்லை. வீட்டில் கவனிக்கவும்.’

இப்போது பிப்ரவரி. சட்டப்படி ஒன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்திவைக்க முடியாது. அதற்காகப் பள்ளி சும்மா இருந்துவிடுமா? ஒரு தாள் வைத்திருந்தார்கள். ‘எங்கள் பிள்ளை இன்னொரு வருடம் இதே வகுப்பில் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.’ பெற்றோர் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் விருப்பம் அவர்களுடையது ஆகிவிடும். மனிஷாவின் தாளில் காரணம் என்ற இடத்தைப் பூங்குழலியே நிரப்பியிருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாதேவி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு மணிக்கு டிரஸ்டி வந்து வகுப்பறைகளைப் பார்த்துக் கோப்பையை முடிவு செய்வார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பூங்குழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலை மறுபடி இடம் மாற்றினாள். சூரியனுக்கு ஜிகினா ஒட்டினாள், பிடிக்கவில்லை, பிய்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தாள், மூடினாள், கால் மணியில் மறுபடி திறந்தாள். கோப்பைக் கவலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோப்பைக்கும் இழுப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

மூன்றரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். மனிஷா மட்டும் வராந்தாவில், ஆயா தேவம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதேவி வேலை முடிந்து வர நாலரை ஆகும்.

இன்னும் பத்துப் பட்டாம்பூச்சிகள் கட்டினால் ஐம்பதாகும் என்று பூங்குழலி காகிதத்தையும் நூலையும் எடுத்தாள். காலையிலிருந்து ஏணியில் ஏறி இறங்கியதில் இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. கையருகில் இருந்த குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. அது மல்லிகை மேசையின் நாற்காலி.

மூன்று பட்டாம்பூச்சிகளைக் கோத்துவிட்டு, எழுத்து அட்டைகள் நேராக இருக்கின்றனவா என்று நிமிர்ந்து பார்த்தாள். அட்டைகளைக் காணோம்.

சுவரில் வெள்ளையாக ஒரு பளபளப்பு இருந்தது, அவ்வளவுதான். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் லேமினேஷனில் பட்டு நேராக அவள் கண்ணுக்குள் அடித்தது. எழுந்து நின்றாள். எழுத்துகள் எல்லாம் இருந்தன. உட்கார்ந்தாள். போய்விட்டன. மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். அங்கேயும் வெள்ளை. மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். நான்கில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மீதி இரண்டில் அவளுடைய பட்டாம்பூச்சிகளே குறுக்கே தொங்கின.

தேவம்மா கதவில் வந்து நின்றாள். “ஏனாய்த்து, என்னாச்சு மிஸ்? எந்திரிக்கறீங்க, உக்கார்றீங்க. முதுகு பிடிச்சுகிச்சா?”

“தேவம்மா, மனிஷாவக் கூட்டிட்டு வாங்க.”

மனிஷா வந்தாள். திட்டு வாங்க வந்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பூங்குழலி அவளை ஜன்னலோர ரோஜா மேசைக்குக் கூட்டிப் போனாள்.

“அது என்ற எடம் இல்லீங்க மிஸ்.”

“இன்னிக்கு உக்காரு கண்ணு.”

குச்சியை எடுத்தாள். முதல் எழுத்தைத் தொட்டாள், மனிஷா சொன்னாள். நடுவில் ஒன்றைத் தொட்டாள், சொன்னாள். தாறுமாறாக மாற்றி மாற்றித் தொட்டாள். இருபத்தாறில் இரண்டுதான் தப்பு. சொற்களுக்கு வந்தாள். பூனையை வாசித்தாள், வௌவாலை வாசித்தாள், சூரியனை வாசித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று மனிஷா ஆவலாகப் பார்த்தாள்.

பூங்குழலி அவளை மல்லிகை மேசைக்கு அழைத்து வந்தாள். “இப்பச் சொல்லு.”

மனிஷா பூங்குழலியின் உதட்டைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காத. சுவத்துல என்ன தெரியுது?”

“லைட்டு.”

“ஏன் கண்ணு இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்க மிஸ். எழுத்து என்னன்னுதான் கேப்பீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எல்லார்த்துக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சனுங்க.”

பூங்குழலிக்கு வெட்கமாக இருந்தது, வேறு பெயர் அதற்கு இல்லை. கவின்ராஜ் நினைவுக்கு வந்தான். தாமரை மேசையில் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்த பையன். வாயாடுகிறான் என்று அக்டோபரில் மல்லிகைக்கு மாற்றினாள். டிசம்பரில் அவன் அறிக்கையில் ‘அக்கறை குறைந்துவிட்டது’ என்று எழுதினாள். தடுமாறுகிறவர்களை அங்கே உட்காரவைத்தாளா, அங்கே உட்காரவைத்ததால் தடுமாறினார்களா? இரண்டு வருடமாக அவள் இந்த அறையை வாசலிலிருந்தும் ஏணியிலிருந்தும் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளின் நாற்காலியிலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. ஒரு மூலையில் நகத்தை விட்டு லேமினேஷனை உரித்தாள். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பூனையின் பாதி முகம் கையோடு வந்தது. பிளாஸ்டிக்கை மட்டும் உரிக்க முடியாது என்று தெரிந்ததும் அத்தனை அட்டையையும் கிழித்து இறக்கினாள். பட்டாம்பூச்சிகளை நூலோடு இழுத்தாள். தேவம்மா பதறிப்போய், “பிடு மிஸ், விடுங்க, நாளைக்குக் கப்பு இருக்குது!” என்று கையைப் பிடிக்க வந்தாள். பிறகு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போய்ப் பழைய மாதக் காலண்டர் தாள்களைத் தூக்கி வந்தாள். வழவழப்பில்லாத பின்பக்கத்தில் பூங்குழலி கறுப்பு மையால் பெரிது பெரிதாக எழுதினாள். எழுதிய ஒவ்வொன்றையும் மல்லிகை மேசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாள்.

நாலரைக்கு மாதேவி பள்ளி கேட்டுக்கு வந்தாள். பூங்குழலி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஏணியில் நின்றபடியே, “தேவம்மா, நீங்களே மனிஷாவக் கொண்டு விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள். பயம்தான்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஒருங்கிணைப்பாளர் மீனா மேடம் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன பூங்குழலி இது! சுவரெல்லாம் பிக்கோன்னு காலியா கெடக்கு! உங்க கிளாஸத்தான் மொதல்ல காட்டறதா டிரஸ்டிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்!”

பூங்குழலி எல்லாவற்றையும் சொன்னாள். கிழித்த அட்டை ஒன்றைச் சுவரில் பிடித்துக் காட்டினாள். மேடம் பட்டுப்புடவையை இழுத்துக்கொண்டு குட்டி நாற்காலியில் அரைகுறையாக உட்கார்ந்து பார்த்தார்.

“எனக்கு நல்லாத்தானே தெரியுது?”

காலை வெயில் அந்த ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. “மத்தியானம் வந்து பாருங்க மேடம்” என்றாள் பூங்குழலி.

மீனா மேடம் கெட்டவர் அல்ல. பள்ளியில் பதினெட்டு வருடம் ஓட்டியவர், எந்தக் கதவை எப்போது சாத்த வேண்டும் என்று தெரிந்தவர். குரலைத் தாழ்த்தினார். “சரி, அந்தப் பொண்ணு பாஸாகட்டும், பேப்பரக் கிழிச்சுடலாம். ஆனா அவங்க அம்மாகிட்ட இதெல்லாம் எதுக்கு? கண்ணு கொஞ்சம் வீக்கா இருக்கு, கிட்ட உக்கார வெச்சா நல்லா படிக்கறா, அப்டின்னு சொல்லிடுங்க. பொண்ணுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. அப்பறம் மத்த அஞ்சு பேரோட பேரன்ட்ஸும் வந்து நிப்பாங்க, யோசிங்க.”

பூங்குழலி யோசித்தாள். மனிஷா இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். வேண்டியது அதுதானே? தலையை ஆட்டினாள். ஆட்டியதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு மாதேவி வந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள். மறு கையில் புதுப் பேனா.

“அவங்கப்பாவுக்கு இன்னிக்குக் கான்கிரீட்டு போடற நாளுங்க, வர முடியலீங்க. எங்க கையெழுத்துப் போடோணுமுங்க டீச்சர்?”

“உக்காருங்க மாதேவி. கையெழுத்து வேண்டாமுங்க. மனிஷா ரெண்டாவது போறா.” பூங்குழலி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “விஷயம் என்னன்னா, அவ கண்ணு…”

மாதேவியின் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “கண்ணுங்களா? கண்ணுல என்னங்க கோளாறு? ஆப்பரேசன் பண்ணோணுமுங்களா?”

அதற்கு மேல் பூங்குழலியால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“இல்லீங்க. கண்ணு நல்லா இருக்குது. தப்பு என்னோடதுங்க.”

சொன்னாள். லேமினேஷனை, வெயிலை, மல்லிகை மேசையை, நேற்று மனிஷா கடகடவென்று வாசித்ததை, எதையும் விடாமல் சொன்னாள். “அவளுக்கு எழுத்து தெரியும். நான்தான் தெரியாத மாதிரி உக்கார வெச்சுட்டேன்” என்றாள். மாதேவி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

மாதேவி கத்தவில்லை. காலண்டர் தாள் ஒட்டிய சுவரைப் பார்த்தபடி நின்றாள். மனிஷா அம்மாவின் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் போய், கீழ் வரிசை எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு உரக்க வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

“வாரத்துக்கு ரெண்டு தடவ டைரில எழுதி உட்டீங்களே டீச்சர்,” என்றாள் மாதேவி மெல்ல. “எழுதி உட்ட அன்னிக்கெல்லாம் அடிச்சனுங்க. கரண்டியாலயே அடிச்சனுங்க. ‘செவுத்துல வெள்ளையாத்தாம்மா இருக்குது’ன்னு ஒரு நாளு சொன்னா. சாக்குச் சொல்றியான்னு அதுக்கும் சேத்துப் போட்டேன்.”

பூங்குழலி மனிஷாவின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க,” என்றாள் மாதேவி. “நான் அவகிட்ட என்னன்னு சொல்லுவனுங்க?”

வாசலில் டிரஸ்டியின் செருப்புச் சத்தமும் மீனா மேடத்தின் குரலும் நெருங்கி வந்தன. மனிஷா இரண்டாவது வரிசைக்குப் போயிருந்தாள். ஒரு தப்பும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.