பானெட்டுக்கு இரண்டு பேர்

பழைய கார் அன்பர்கள் பேரவையின் ஆண்டு விழாவில் பெயின்டர் மாஸ்டருக்கு 'வர்ண வித்தகர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தோடு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கேடயத்தில் அடித்திருந்த பெயின்ட் படுமோசம். ஓரமெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் கொடுத்தவர் கையிலேயே அதைத் திருப்பி வைத்து, "சுரண்டிட்டுக் கொண்டாங்க, அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு உச்சி குளிர்ந்து போயிருந்ததில் கண் சரியாகத் தெரியவில்லை.

மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. தன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டி, "எல்லாம் இதுங்க பண்ற வேலை" என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர், "வீட்டம்மாவும் உங்களோட பட்டறையிலதான் வேலை பார்க்கிறாங்களாமே?" என்று கேட்டார்.

"அவங்களா? இருப்பாங்க. கூடமாட ஒத்தாசை."

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கூடமாட ஒத்தாசை கை தட்டவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் அவளைக் கலர்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய காருக்கு எந்தக் கடையிலும் கலர் கிடைக்காது. காரில் வெயில் படாமல் ஒளிந்திருக்கும் ஒரு மூலையைத் தேடிப்பிடித்துத் துடைத்து, அங்கே மிச்சமிருக்கும் நிறத்தை அவள் உற்றுப் பார்ப்பாள். அப்புறம் ஒரு டப்பாவில் கலக்க ஆரம்பிப்பாள். ஒரு சொட்டு கறுப்பு, குச்சி நுனியில் தொட்ட நீலம். தகட்டில் தடவி வெயிலுக்குக் கொண்டுபோவாள், நிழலுக்குக் கொண்டுவருவாள், முகத்தைச் சுளிப்பாள், மறுபடி கலக்குவாள். அதற்குப் பிறகுதான் மாஸ்டரின் பேர்பெற்ற கைகளுக்கு வேலை. கலரைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் பேரவையில் கேடயம் எதுவும் அடித்து வைத்திருக்கவில்லை.

விழாவிலிருந்து திரும்பியவள் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூட மாஸ்டருக்குச் சமாளிக்கத் தெரியும். சாப்பாடு வேளைக்கு வந்தது, சட்டை துவைத்து மடிப்பாக வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதைப் பட்டறை மூலையில் இருக்கும் காற்று கம்ப்ரசரிடம் சொன்னாள்.

"கம்ப்ரசரே, பட்டி தீர்ந்துபோச்சு. யாராவது வாங்கிட்டு வந்தா நல்லாயிருக்கும்."

மாஸ்டர் போய்ப் பள்ளம் அடைக்கும் பட்டியை வாங்கிக்கொண்டு வருவார். "கம்ப்ரசரே, வாங்கியாச்சுன்னு சொல்லு."

அந்த ஓட்டை கம்ப்ரசருக்குப் பிறந்ததிலிருந்து இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஒருநாள் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று அவள் போனில் பேசினாள். அவளுடைய அக்கா வேறு ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறாள். கலர் கலந்து கொடுக்கக் கண் உள்ள ஆள் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வர்றேன்க்கா. தங்கறதுக்கு மாடி ரூமே போதும். இந்தக் கார் ஒண்ணு கையில இருக்கு. முடிஞ்சதும் வந்துடறேன்."

மாஸ்டர் கையில் இருந்த பட்டித்தகடு அப்படியே நின்றது. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். அவரைக் கட்டிக்கொண்டதே அப்படி ஒரு சொல்லை மாற்ற மனமில்லாமல்தான் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கார் பேரவைத் தலைவருடையது. இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். தலைவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவருக்கு இடமில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று தலைவர் சொல்வார். பட்டறைக்கு அது நான்கு பேர் தள்ளித்தான் வந்தது. பாதி உடம்பு பானெட், கட்டில் நீளம். கதவு, டிக்கி, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, பழைய பெயின்டைச் சுரண்டி, ஒடுக்குகளைத் தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளிக் கலரில் புதுசாக அடிக்க வேண்டும்.

வேலையில் பாகப்பிரிவினை நடந்தது. பட்டறை நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டினாள் கலர்க்காரம்மா. கதவுகளும் பின்பக்கமும் டிக்கியும் அந்தப் பக்கம் அவளுக்கு, பானெட்டும் முன் மட்கார்டுகளும் இந்தப் பக்கம் அவருக்கு. வெள்ளியை அவளே ஒரு பெரிய டப்பாவில் கலந்து, சொட்டு வித்தியாசமில்லாமல் இரண்டாகப் பிரித்து, அவர் பங்கைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மாஸ்டருக்கு ஒரு புது வியாதி வந்தது. வேலையை முடிக்க மனசு வரவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்தார். கண்ணாடி மாதிரி இருந்த மட்கார்டில் பள்ளம் இருப்பதாகச் சொல்லி மறுபடி பட்டி பூசினார். "கம்ப்ரசரே, இன்னும் காயலப்பா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். எல்லோர் என்பது ஒரே ஒருத்திதான்.

அந்தப் பக்கம் அவள் கதவுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்ப்ரே கன்னின் சீறல் கேட்டது. நடுநடுவே இருமல் கேட்டது. மாஸ்டர் கடைக்குப் போய் ஒரு நல்ல முகமூடி வாங்கிவந்து கம்ப்ரசர் தலையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதைக் காணோம்.

"கம்ப்ரசரே, ரொம்ப தேங்க்ஸ்" என்று தார்ப்பாய் சொன்னது.

அன்றைக்கு மாஸ்டர் மத்தியானம்வரை விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தார்.

ஆனாலும் எத்தனை நாள்தான் தேய்ப்பது? தேய்த்துத் தேய்த்து பானெட் இல்லாமலே போய்விடும் என்ற நிலை வந்தது. அவர்களுடைய முறை, எல்லாத் தகட்டையும் கொக்கியில் தொங்கவிட்டு ஒரே நிலையில் அடிப்பது. மற்றதெல்லாம் ஒற்றை ஆளுக்கு அடங்கும். பானெட்டைத் தூக்கி மாட்ட மட்டும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும்.

மாஸ்டர் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. 'ஒரு கை பிடியேன்' என்றால் போதும். அது தொண்டைவரை வந்தது. வர்ண வித்தகர் அதை முழுங்கிவிட்டார். பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூப்பிடலாம் என்றால், அவன் வந்ததும் வராததுமாக "அண்ணி எங்க?" என்பான். கடைசியில் பானெட்டை இரண்டு ஸ்டூல்களின்மேல் படுக்க வைத்து அடித்தார். படுத்திருக்கும் தகட்டில் பெயின்ட் வழியாது. அந்தத் தைரியத்தில் தாராளமாகவே அடித்தார். காய்ந்ததும் முகம் பார்க்கலாம் போலிருந்தது. பார்த்தார், முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

காரைக் காட்ட வேண்டிய நாளில் தலைவரின் டிரைவர் முன்னதாகவே வந்து ஒரு கை கொடுக்க, தகடுகள் எல்லாம் காரில் அதனதன் இடத்தில் ஏறின. வண்டியை வாசலுக்குத் தள்ளினார்கள். வெயில் விழுந்தது.

கதவுகள் நிலவு மாதிரி வெளுத்திருந்தன. பானெட் மழை மேகம்.

"கம்ப்ரசரே, யாரோ டப்பாவுல என்னத்தையோ கலந்திருக்காங்க" என்றாள் அவள்.

"கம்ப்ரசரே, சத்தியமா நான் ஒண்ணும் கலக்கல."

அவள் குனிந்து பானெட்டை ஓரமாகப் பார்த்தாள். விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டினாள். கொக்கி மாட்டிய தடம் இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"படுக்க வச்சா அடிச்சீங்க?"

விழாவுக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். மாட்டிக்கொண்டது புரிந்தும் மாஸ்டருக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

வெள்ளிப் பெயின்டுக்குள் அலுமினியத் தூள் இருக்கும். படுத்த தகட்டில் ஈரமாக அடித்தால் தூள் அடியில் போய் உட்கார்ந்து நிறம் கறுக்கும். தொங்கும் தகட்டில் வழியக்கூடாதே என்று லேசாக அடித்தால் தூள் மேலேயே நின்று மின்னும். இதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வகுப்பெடுத்தவரே மாஸ்டர்தான்.

பதில் சொல்வதற்குள் தலைவர் வந்துவிட்டார். கூடவே பேரவையின் ஆலோசகரும் வந்தார். அவர் வெள்ளைக் கையுறை இல்லாமல் எந்தக் காரையும் தொடமாட்டார். கையுறை போட்டும் பெரும்பாலும் தொடமாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கதவைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலைவரின் புருவம் நெரிய ஆரம்பித்தது.

"அசல்!" என்றார் ஆலோசகர். "அந்தக் காலத்து ஃபேக்டரியில முன்பக்கத்தை ஒரு ஷெட்டுல அடிப்பாங்க, பின்பக்கத்தை இன்னொரு ஷெட்டுல. இந்த ரெண்டு ஷேடு லேசுல வந்துடாது. என்னா ஆராய்ச்சி!"

பாதி நெரிந்த புருவம் அப்படியே புன்னகையாக மாறியது. "நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்" என்றார் தலைவர். "வித்தகர்னு சும்மாவா பட்டம் கொடுத்தோம்? இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

கலர்க்காரம்மா தின்னர் துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலிடுக்காக, நிதானமாக. ஒரு வேலை முடிந்தால் அவள் அப்படித்தான் துடைப்பாள். மாஸ்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா தலையை ஆட்டினால் போதும், கார் வாசலைத் தாண்டிப் போய்விடும். அதன் பின்னாலேயே அவளும் போவாள்.

"தப்பு சார்" என்றார்.

"எது தப்பு?"

"பானெட்டு. அது ஆராய்ச்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படுக்க வச்சு அடிச்சுட்டேன். தொங்கவிட்டு அடிச்சிருக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

"ஆள் இல்லையா?"

"இருந்தாங்க. நான்தான் கூப்பிடல." மாஸ்டர் அவள் பக்கம் கையைக் காட்டினார். "அன்னிக்கு மேடையில கூடமாட ஒத்தாசைனு சொன்னேனே, பொய் சார். இந்தக் கலரே இவங்களோடதுதான். எனக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியும். என்ன அடிக்கணும், எங்க நிறுத்தணும்னு இவங்க சொன்னாத்தான் தெரியும். இவங்க இல்லாம அடிச்சா என்ன ஆகும்னு, அதோ, வெயில்லயே நிக்குது."

ஆலோசகர் கையுறையைக் கழற்றினார். "அப்போ அந்த ரெண்டு ஷெட்டு?"

"ரெண்டு ஷெட்டுதான் சார். நடுவுல ஒரு தார்ப்பாய்."

டிரைவர் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பி இருமினான். நன்றாக இருந்த கதவுகள் விஷயத்தில் தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாக ஆலோசகர் சொன்னார். வித்தகர்கள் என்றால் கொஞ்சம் கிறுக்கும் இருக்கத்தான் செய்யும், அதைத் தாங்குவது தன்னைப் போன்றவர்களின் கடமை என்று சொன்ன தலைவர், காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, வந்த வண்டியிலேயே மற்ற இருவரோடும் திரும்பிப் போனார்.

"மேடையில மைக்குல சொன்னீங்க. திருப்பிச் சொல்றதுக்கு இந்த மூணு பேர்தான் கிடைச்சாங்களா?" என்றாள் அவள்.

"அடுத்த விழாவுல மைக்குலயே சொல்றேன்."

"அப்புறம் அடுத்த வருஷம் உங்களை எவன் கூப்பிடுவான்?"

"கூப்பிடலைன்னா நிம்மதி. அந்தக் கேடயத்தைப் பார்த்தியா? கண்ணு கூசுது. எந்தப் பாவி அடிச்சானோ."

"இப்பத்தான் கண்ணு தெரியுதாக்கும்." அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது, உடனே அதை அடக்கிக்கொண்டாள். பானெட்டில் தட்டிப் பார்த்தாள். "எல்லாத்தையும் திரும்பத் தேய்க்கணும்."

"கதவையுமா? கதவு நல்லாத்தானே இருக்கு?"

"புதுசாக் கலக்கணும். கலந்தா மொத்தத்தையும் ஒரே மூச்சுல அடிக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நாளாகுமே."

"ஆகட்டும். நீங்க போட்டுக் கெடுத்ததுக்கு வேற என்ன பண்றது?"

மாஸ்டர் போல்ட்டுகளைக் கழற்றினார். அவர் ஒரு நுனியைப் பிடிக்க, அவள் கேட்காமலே மறு நுனியைப் பிடித்தாள். யார் பின்பக்கமாக நடப்பது என்று ஒரு சின்னத் தகராறு வந்தது, மாஸ்டர் விட்டுக்கொடுத்துத் தானே பின்பக்கமாக நடந்தார். கட்டில் நீளப் பானெட் இருவருக்கும் நடுவில் மிதந்து பட்டறைக்குள் போனது.

சேலைக்கு மேல் அவள் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் போன் அடித்தது.

"யாரு?"

"அக்காவாத்தான் இருக்கும். இதை இறக்கி வச்சிட்டுப் பேசிக்கிறேன்."

"மெதுவாவே இறக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"இடது பக்கம் டப்பா இருக்கு, பார்த்து."

"என் இடதா, உன் இடதா?"

"உங்க இடதுதான்."

மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே காலை வலப்பக்கம் எடுத்து வைத்தார்.