கம்பளைக்கு மேலே கரண்ட் கட்

இரத்மலானை விமான நிலையத்தில் திரும்பி இறங்கியதும் மனைவி ரபீகா தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "இவ்வளவு காலமும் வராம இருந்திட்டேனே." அன்றைய ஞாயிற்றுக்கிழமையில் ரிஸ்மிக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மாத முடிவோடு அவனுடைய விமானி அனுமதி முடிகிறது. இனிப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன், மாதத்தில் ஒரு ஞாயிறு கொழும்புக்கு இறங்கி வாடகைக்கு விமானம் எடுத்து ஓட்டுவதைச் சொந்தக்காரர்கள் பாதி பெருமையாகவும் பாதி பைத்தியமாகவும் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளையும் கூப்பிட்டுப் பார்த்தான். தலைவலி, விருந்தாளி, உம்மாவுக்கு முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. பெருநாள் சாப்பாட்டில் நாலு பேருக்கு முன்னால் "எங்கட வீட்டுப் பயந்தாங்கொள்ளி" என்று அவளைக் கேலி செய்வான். அவளும் சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைப்பாள். இந்தக் கடைசித் தடவை கேட்டபோது, "சரி, வாறேன்" என்று அவள் சொன்னது அவன் காதுக்கே நம்பிக்கையாக இல்லை.

இரத்மலானையில் கிளம்பி, கடுகண்ணாவை மலையைத் தாண்டி, பேராதனைப் பாலத்தின் மேலாக வந்து, மகாவலியைப் பிடித்துக்கொண்டு கம்பளைக்குப் போனார்கள். ரபீகா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள்.

கம்பளை அவர்களுக்குச் சும்மா ஊரில்லை. சம்பந்தம் பேசி முடித்த பிறகும் ரெண்டு பேரையும் பேசவிடாத காலம் அது. ரிஸ்மி என்ன செய்தான்? அவள் வீட்டுக்கு மேலே பறந்து, விமானத்தின் முன்விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். பதிலுக்குக் கீழே மொட்டைமாடியில் அவள் மிளகாய்ப் பாயை உதறுவாள். "மழை இருட்டில என்னத்த மொளகா காயப்போடுற?" என்று உம்மா கத்துவாராம். அந்த உம்மா மவுத்தாகிப் பல வருடமாகிறது. வீடும் கைமாறி, மாடி இருந்த இடத்தில் இப்போது ஒரு போன் கடையின் பெயர்ப்பலகை நிற்கிறது.

"அதுதானே எங்கட வீடு?" ரபீகாவின் குரல் ஹெட்போனில் தழுதழுத்தது. "தண்ணி டேங்க் மட்டும் அப்பிடியே இரிக்கி."

ரிஸ்மியின் கை தானாக முன்விளக்கின் சுவிட்சுக்குப் போனது. போட்டான், அணைத்தான், போட்டான். கீழே பார்க்க யாரும் இல்லை என்று தெரியும். பார்க்க வேண்டியவள் பக்கத்திலேயே இருந்தாள். ஆனாலும் ஒரு வட்டம் போதாமல் இன்னும் ரெண்டு வட்டம் அடித்தான், விளக்கோடு விளையாடிக்கொண்டே. மனுஷன் இருபத்தைந்து வயதுக்குத் திரும்பிப் போய்விட்டான். முகப்புப் பலகையில் மின்சாரம் குறைகிறது என்று எரிந்த சின்னச் சிவப்பு விளக்கு அவன் கண்ணில் படவேயில்லை.

ரபீகா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் குரல் அறுந்தது. வானொலியின் எண்கள் மங்கி மறைந்தன.

ரிஸ்மிக்கு விளங்கியது. மின்சாரம் தயாரிக்கிற ஒல்டர்னேட்டர் எப்போதோ செத்திருக்கிறது. மிச்சமிருந்த பெட்டரியை அவனே விளக்குப் போட்டுப் போட்டுக் குடித்து முடித்திருக்கிறான். ஒல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்துப் போட்டான். பிரேக்கரை அமுக்கிப் பார்த்தான். அசைவில்லை. எஞ்சின் நிற்காது, அதன் தீப்பொறிக்குப் பெட்டரி தேவையில்லை. ஆனால் வானொலி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பு வானத்துக்குள் நுழைவது வேறு விஷயம். அதைவிட, இவள் பயந்துவிட்டால்? ஒரே ஒரு தடவை வந்தவள், வந்திருக்கக் கூடாது என்றல்லவா இறங்குவாள். அவன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மேற்கே திருப்பினான்.

முழங்கையில் ஒரு இடி. ரபீகா போனை நீட்டினாள். 'கரண்ட் போயிட்டா?' என்று எழுதியிருந்தது.

பொய் சொல்ல நினைத்து அவள் முகத்தைப் பார்த்தான். கடையில் கரண்ட் கட் ஆனால் மெழுகுதிரியைத் தேடுகிற முகம்தான் அது. தலையாட்டினான்.

"பங்கா சுத்துதுதானே?" என்று முன்னால் சுழன்ற காற்றாடியைக் காட்டி அவன் காதில் கத்தினாள்.

"அது நிக்காது! பேசத்தான் ஏலா!"

"அப்ப மெசேஜ் போட்டா போதாதா?"

அந்தப் பதற்றத்தில் அவனுக்கு அது தோன்றவேயில்லை. அவன் கத்தக் கத்த அவள் எழுதினாள். விமானக் கழகத்தில் இருந்த கூட்டாளி நஸீபுக்குச் செய்தி போனது. மாவனல்லைக்கு மேலே வரும்போது பதில் வந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லியாயிற்று, கரையோரமாக வரட்டும், பச்சை விளக்குக் காட்டினால் இறங்கலாம்.

கடலும் ஓடுபாதையும் தெரிந்தன. கோபுரத்தில் பச்சை விளக்கை முதலில் கண்டதும் அவள்தான். அவன் தொடையில் தட்டிக் காட்டினாள். கண்டுகொண்டேன் என்பதற்கு ரிஸ்மி இறக்கைகளை ஆட்டினான். வேகத்தைக் குறைக்கும் இறக்கை மடிப்புகளும் மின்சாரத்தில் இறங்குபவை என்பதால் விமானம் வேகமாகத் தரையைத் தொட்டு, பாதையின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் நின்றது.

எஞ்சினை அணைத்தான். அவள் பக்கம் திரும்பினான்.

"பயந்துட்டியா?"

"இல்ல."

"பொய் செல்லாத. எத்தின வருஷமா வராம இருந்தாய்."

ரபீகா ஹெட்போனைக் கழற்றி முந்தானையைச் சரிசெய்தாள். "எனக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வர ஆசைதான். நீங்க விழுந்தா புள்ளைகளுக்கு உம்மாவாவது மிஞ்சோணும் எண்டுதான் வீட்டில நிண்டேன். இப்ப மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. மகனும் தன்ட காலில நிக்கிறான். இனி விழுந்தாலும் ரெண்டு பேருமா விழுவம் எண்டு வந்தேன்."

ரிஸ்மி பெல்ட்டைக் கழற்ற மறந்து அப்படியே இருந்தான். எத்தனை பெருநாள், எத்தனை பேருக்கு முன்னால் அந்தக் கேலி. அழுகை வந்தது, மறைக்கவில்லை. "என்னட்ட ஒரு வார்த்தை செல்லியிருக்கலாமே" என்றான்.

"சென்னா நீங்க பறக்கிறத விட்டிருப்பீங்க," என்றாள் அவள்.